சொன்ன விலையும் வந்த வரியும்

வணிகனுடைய முதல் என்பது பெட்டியில் உள்ள பணம் மட்டுமன்று. அவன் வாயினின்று வரும் சொல்லும் முதலே. ‘இப்பொருள் இன்ன விலை’ என்று அவன் கூறிவிட்டான். பொருளை ஒப்படைக்கும் நாளுக்குள் வரி மாறிவிட்டது. அப்பொழுது அச்சொல் என்னவாகும்?

2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. இரும்பு பீரோ செய்து விற்கும் என் பழைய மாணவர் ஒருவர் அம்மாதம் கலங்கிய முகத்துடன் வந்தார். ஜூனிலேயே ஒரு திருமண வீட்டாரிடம் விலை பேசி முன்பணமும் வாங்கியிருந்தார். ஜூலையிலோ பீரோவுக்கு 28 விழுக்காடு வரி வந்துவிட்டது. “கூட்டிக் கேட்டால் நாணயம் போகும், கேட்காவிட்டால் கூலியும் மிஞ்சாது. என்ன செய்யட்டும் ஹஜ்ரத்?” என்றார். அவருக்காக நூல்களைப் புரட்டியபொழுது, இது நம் மண்ணில் எண்பது ஆண்டுகளாக இருந்துவரும் சிக்கல் என்பது தெரிய வந்தது.

1937 அக்டோபர் முதல் நாள், ராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தது. கள், சாராயத்தால் வந்த வருவாய் குறையவே, அதனை ஈடுசெய்ய 1939இல் சென்னை மாகாணப் பொது விற்பனை வரிச் சட்டம் பிறந்தது. ஆண்டு விற்பனை பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்தோருக்கு வரியில்லை. இருபதாயிரம் வரை மாதம் ஐந்து ரூபாய். அதற்கு மேல் நூற்றுக்கு அரை ரூபாய். இன்றைய கண்ணுக்கு இது சிறு தொகையே. ஆயினும் சரக்கு கைமாறுந்தோறும் விழுந்த வரி அது. கணக்கேடு எழுதிப் பழகாத சிறு கடைக்காரருக்கு, தொகையினும் ஏடே பெருஞ்சுமையாயிற்று.

அவ்வரியை யார் சுமப்பது? வாடிக்கையாளரிடம் வரியென்று தனியே பெறுவதற்கான விதி 1947ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. பதிவு பெற்ற வணிகர் வசூலிக்கலாம். பதிவு பெறாதவர் வசூலிக்கலாகாது என்றது அவ்விதி. அதனின்று மற்றொரு வழக்கு முளைத்தது. வரியாக வாங்கிய தொகையும் விற்பனைத் தொகையில் சேருமா? சேராது என்று 1954இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சட்டமன்றம், 1954 ஏப்ரல் முதல் நாள் வரை அவ்வாறு வாங்கிய தொகையும் விற்பனைத் தொகையே எனச் சட்டம் இயற்றியது. 1961இல் உச்சநீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் என்றது. விலையும் வரியும் வெவ்வேறா, ஒன்றா என்பதில் நீதிபதிகளுக்கே இத்தனை வாதம் நிகழ்ந்ததெனில், தராசு பிடிக்கும் எளியவர் தடுமாறியதில் வியப்பென்ன?

பேசிய விலைக்குப் பின் வரி மாறினால் என்ன செய்வது என்பதற்கும் சட்டம் விடை கூறியுள்ளது. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தில், சுங்க வரி, கலால் வரி ஆகியவற்றைக் கருதி 1940இல் ஒரு பிரிவு சேர்ந்தது. 1963இல் அது விற்பனை வரிக்கும் விரிந்தது. ஒப்பந்தத்துக்குப் பின் வரி ஏறினால் விற்பவர் அவ்வேற்றத்தைக் கூட்டிக் கேட்கலாம். இறங்கினால் வாங்குபவர் கழித்துக்கொள்ளலாம். இருவரும் வேறுவிதமாகப் பேசியிருந்தால் அதுவே செல்லும். பிரிவின் நீதி அதன் இரு முனைகளிலும் இருக்கின்றது. ஏற்றத்தை மட்டும் நினைவில் வைத்து, இறக்கத்தை மறப்பது வணிகமாகாது.

நம் மதரஸாக்களில் ஓதப்படும் மின்ஹாஜிலும் இதற்கொத்த நுட்பம் ஒன்றுண்டு. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள், அடக்க விலையைச் சொல்லி விற்கும் வணிகத்தில் இரு சொற்களைப் பிரித்துக் காட்டுகின்றார்கள். ‘நான் வாங்கிய விலைக்கு’ என்றால் கொள்முதல் விலை மட்டுமே அடங்கும். ‘எனக்கு அடங்கிய விலைக்கு’ என்றால் அளப்பவர் கூலி, தரகர் கூலி, சாயமிடுபவர் கூலி ஆகியனவும் சேரும். செலவைச் சேர்ப்பது குற்றமன்று. சேர்த்ததை மறைக்கும் சொல்லே குற்றம். விலைப்புள்ளி எழுதும் ஒவ்வொருவருக்கும் இது பாடமன்றோ!

மாணவரிடம் இவ்வளவையும் கூறினேன். அவர் திருமண வீட்டாரிடம் சென்று, இரும்புத் தகட்டின் விலை, கூலி, வரி மூன்றையும் தனித்தனியே எழுதிக் காட்டினார். பெண்ணின் தகப்பனார் சற்று முகம் சுளித்தாலும், கணக்கைப் பார்த்தபின் வரியின் ஏற்றத்தைத் தர இசைந்தார். அன்று முதல் மாணவர் தம் விலைப்புள்ளியின் அடியில், ‘ஒப்படைக்கும் நாளின் வரி தனி’ என்று எழுதலானார்.

அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் பீரோவுக்கான வரி 18 விழுக்காடாக இறங்கிற்று. அக்டோபரில் விலை பேசியிருந்த இருவருக்கு, அவர்கள் கேளாமலே, அவர் அந்தப் பத்தைக் குறைத்துக்கொண்டார். ஜூலையில் அவர் கேட்டது நியாயம் என்பதற்கு நவம்பரில் அவர் குறைத்ததே சான்றாயிற்று.