கழுவி வைத்த டம்ளர்

கல்லூரி முடித்துப் பன்னிரண்டு வருடம் கழித்து நாங்கள் ஐந்து பேரும் ஒரே சனிக்கிழமை சென்னையில் இருக்கப்போகிறோம் என்று தெரிந்ததும், நான் முதலில் செய்தது ஒரு கூகுள் ஷீட் திறந்ததுதான். தொழில் புத்தி. கடை, ஐட்டம், போய்ச்சேரும் நேரம், பார்க்கிங், பில் யார் தலையில் என்று வரிசையாகப் பத்திகள். காலையில் திருவல்லிக்கேணி ரத்னா கஃபே, சாம்பாரில் மூழ்கிய இட்லி. மதியம் மவுன்ட் ரோடு புஹாரி. இடையில் ஒரு உடுப்பி ஓட்டல் காபி. கூடவே யாரும் கேட்காத ஒரு பத்தியையும் சேர்த்தேன்: ‘ஆரம்பித்த வருடம்’. ரத்னா 1948, புஹாரி 1951.

“மச்சான், சாப்பிடப் போறோமா, இல்ல டிஎன்பிஎஸ்சி எழுதப் போறோமா?” என்று ஒருத்தன் வாட்ஸப்பில் கேட்டான். இன்னொருத்தன் கொஞ்ச நேரம் கழித்து எழுதினான்: “வருஷத்துக்குப் பக்கத்துல இன்னொரு காலமும் போடுடா. எங்க தாத்தா உள்ள போயிருக்க முடியுமா? ஆமா, இல்ல.” முடிவில் ஒரு சிரிப்பு எமோஜி. ரெண்டு மணி நேரம் குரூப்பில் யாரும் எதுவும் போடவில்லை.

அந்தப் பத்தியை நிரப்ப உட்கார்ந்ததில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

காசு கொடுத்து வெளியே சாப்பிடுவது நமக்கு அவ்வளவு பழைய பழக்கம் இல்லை. வழிப்போக்கனுக்குச் சத்திரம் இருந்தது. அங்கும் யாருக்கு இலை, யாருக்குத் திண்ணை என்று கணக்கு இருந்தது. ரயிலும் ஆபீஸும் வந்து, வீட்டை விட்டு வந்த ஆண்கள் நகரத்தில் சேர்ந்த பிறகுதான் ‘காபி கிளப்’புகள் முளைத்தன. இன்றும் சில பெரியவர்கள் ஓட்டலைக் ‘கிளப்புக் கடை’ என்பார்கள். அந்தக் கிளப்புகளில் காபியோடு சேர்த்து ஓர் உத்தரவாதமும் விற்றார்கள்: சமைத்தவர் யார், பக்கத்தில் உட்காரப்போகிறவர் யார் என்று. ‘பிராமணாள் காபி கிளப்’ என்று போர்டு மாட்டினால் பாதி வியாபாரம் முடிந்தது. சில இடங்களில் உள்ளே பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்கு வெளிப்பக்கம். ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளிலேயே இந்தத் தடுப்பு இருந்தது. பல வருட எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் அதை எடுத்தார்கள். டிக்கெட் ஒன்று, தண்டவாளம் ஒன்று, சாம்பார் மட்டும் ரெண்டு.

பழைய ஓட்டல்களைப் பற்றி நாம் எழுதும் ஏக்கக் குறிப்புகளில் இந்தத் தடுப்பு அனேகமாக வருவதில்லை. ஃபில்டர் காபியின் நுரை வரும், வெள்ளி டபரா வரும். நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

ஆனால் கதை ஒரே பக்கமாகவும் ஓடவில்லை. உடுப்பிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைக்க வந்த கே. கிருஷ்ண ராவ் 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் தொடங்கினார். மடத்துச் சமையல், ஆசாரமான பிராமணச் சமையல் என்கிற பெயர்தான் உடுப்பிக்காரர்களின் முதலீடு. அதே உட்லண்ட்ஸ் பெயரில் 1962இல் கதீட்ரல் ரோட்டில் டிரைவ்-இன் வந்தபோது, காருக்குள் உட்கார்ந்திருப்பவன் என்ன சாதி என்று தட்டை நீட்டுகிறவர் எப்படிக் கேட்பார்? கேட்டால் கடை நடக்காது. (2008இல் அது மூடப்பட்டது. இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா. எங்கள் ஷீட்டில் அதற்கு இடமில்லை.) சீர்திருத்தக்காரர்கள் சமபந்தி நடத்த மேடை, மாலை, தலைமையுரை எல்லாம் வேண்டியிருந்தது. கூட்டம் கூடக்கூட ஓட்டலில் அது அரைகுறையாகத் தானே நடந்தது. தானே என்று சொல்வதும் சரியில்லைதான்.

சட்டம் வர வேண்டியிருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவு கடைகளையும் உணவகங்களையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் நுணுக்கம். உணவகத்தில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் குற்றம் என்றது. ஒரு டம்ளரைக் காப்பாற்ற நாடாளுமன்றம் ஒரு உட்பிரிவு எழுத வேண்டியிருந்த நாடு இது. அதற்கும் பிறகு, 1957இல், நாங்கள் இட்லி சாப்பிடப் போகிற அதே திருவல்லிக்கேணி வட்டாரத்தில், முரளி கஃபேயின் போர்டில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி பெரியார் மறியல் அறிவித்தார். மாதக்கணக்கில் நடந்தது. தொண்டர்கள் தினமும் வந்து நின்றார்கள், தினமும் கைதானார்கள். கடைசியில் போர்டு மாறியது.

இதையெல்லாம் குரூப்பில் கொட்டினேன். நண்பன் ‘ம்’ என்று மட்டும் போட்டான். ராத்திரி போன் பண்ணினான்.

“தாத்தாகிட்டயே கேட்டேன்டா.”

அவன் தாத்தா திண்டிவனம் பக்கம். எண்பத்தாறு வயது. ஊர் டீக்கடையில் அவருக்குக் கொட்டாங்குச்சி. டீயை மேலே இருந்து ஊற்றுவார்கள். 1957 வாக்கில் மூட்டை தூக்கும் வேலைக்காக மெட்ராஸ் வந்தார். வந்த மூணாம் நாள், மவுன்ட் ரோடு பக்கம் ஒரு பாய் கடை. பெஞ்சில் உட்காரச் சொல்லி டம்ளரில் டீ கொடுத்தார்கள். குடித்து முடித்துவிட்டு, பழக்க தோஷம், தண்ணீர்த் தொட்டிக்குப் போய் டம்ளரைக் கழுவி, கவிழ்த்து வைத்தாராம். கடைக்காரர் பார்த்துவிட்டு, “அத ஏம்ப்பா நீ செய்யற? வெச்சிட்டுப் போ” என்றாராம்.

“அதுக்கு தாத்தா என்ன சொன்னாராம்?”

“ஒண்ணும் சொல்லலயாம். ஆனா ஒரு மாசம் வரைக்கும் கழுவித்தான் வெச்சிருக்காரு. நம்பிக்கை வரலையாம்.”

எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தார். அவர் வெளியூர் போனால் போர்டு பார்க்காமல் எந்த ஓட்டலுக்குள்ளும் போக மாட்டார் என்பதைப் பாட்டி பெருமையாகச் சொல்வாள். சின்ன வயதில் நானும் அதைப் பெருமையாகத்தான் கேட்டிருக்கிறேன். போனில் அதை அவனிடம் சொல்லவில்லை. மறுநாள் சொன்னேன். “தெரியும்டா, உங்க வீட்டுக்கு வந்திருக்கேன்ல” என்றான். மூன்றாம் வருடம் செமஸ்டர் லீவில் வந்திருந்தான். பாட்டி அவனுக்கு மட்டும் பேப்பர் கப்பில் காபி கொடுத்தாள். வந்த கூட்டத்துக்கு டம்ளர் பத்தவில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வந்திருந்தது நாலு பேர்.

திட்டம் மாறிவிட்டது. உடுப்பிக் காபியை எடுத்துவிட்டோம். தாத்தாவும் வருகிறார், அதனால் கார் ரெண்டு. பார்க்கிங் பத்தியைத் திரும்பப் போட வேண்டும். அவருக்குச் சர்க்கரை இருப்பதால் புஹாரியில் பாதி பிரியாணிதான் என்று அவன் அம்மாவின் கண்டிப்பான உத்தரவு. தாத்தா அதை ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆறாவது வரிசையில் மாலை நாலு மணிக்கு டீ என்று போட்டிருக்கிறேன். கடையின் பெயர் தாத்தாவுக்கு நினைவில்லை. ஆரம்பித்த வருடம் காலி. இடம் என்ற கட்டத்தில் அவனே டைப் பண்ணியிருக்கிறான்: “தாத்தா கை காட்டற எடத்துல.”