அணைக்கணுமா? ஸ்டார்ட்டை அமுக்குங்க!

கம்ப்யூட்டரை அணைக்க எதை அமுக்க வேண்டும்? 'ஸ்டார்ட்' பொத்தானை! 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வெளிவந்த காலத்து ஜோக் இது. சிரித்துக்கொண்டே நாமும் பழகிவிட்டோம். ஆனால் இந்தப் பழக்கத்துக்கு ஒரு விலை உண்டு. அதை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

திரையை ஒரு மேசையாகக் காட்டி விற்பனைக்கு வந்தது ஜெராக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டார்', 1981-ல். மேசை, ஃபோல்டர், தபால் கூடை எல்லாமே அமெரிக்க ஆபீஸின் படம். நம் ஆபீஸில் ஃபைல் என்றால் பல தாள்களை ஓட்டை போட்டு டேக் கயிற்றில் கோத்தது. கோத்து வைப்பதால்தான் தமிழில் 'கோப்பு'. கம்ப்யூட்டரிலோ ஒற்றைக் கடிதமே ஃபைல்! நாம் ஃபைல் என்பது அங்கே ஃபோல்டர். இருபது வருடம் கட்டுக்கட்டாக ஃபைல் பார்த்த ஹெட்கிளார்க்குக்குத் தலை சுற்றியதில் ஆச்சரியம் என்ன?

அமெரிக்கர்களுக்கும் எல்லாம் எளிதாக இல்லை. 1984-ல் வந்த மெக்கின்டாஷில் ஃப்ளாப்பியை வெளியே எடுக்க, அதன் படத்தைக் குப்பைத்தொட்டிக்கு இழுக்க வேண்டும். உள்ளே இருப்பது அழிந்துவிடுமோ என்று பயம் வராதா? அந்த மெக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கின், 1994-ல் ஒரு கட்டுரையில் போட்டு உடைத்தார்: 'இயல்பாகப் புரிகிறது' என்று நாம் சொல்வதெல்லாம் ஏற்கெனவே பழகியது என்பதைத்தான்.

பழகியதை நிறுவனங்கள் மாற்றினால்? 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 அந்த ஸ்டார்ட் பொத்தானையே தூக்கியது. பலத்த எதிர்ப்பு. 2013-ல் 8.1-ல் பொத்தான் திரும்பியது, 2015-ல் விண்டோஸ் 10-ல் மெனுவும் திரும்பியது, 2021-ல் விண்டோஸ் 11-ல் அது நடுவுக்கு நகர்ந்தது. பழையதே போதும் என்று இருக்கவும் முடியாது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில் ஆதரவு நின்றது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரில்.

நான் இருக்கும் திருவனந்தபுரத்தில் இதற்கு இன்னொரு வழியைப் பார்க்கலாம். 2001-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் இங்கே வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். அதே ஆண்டு தொடங்கிய கேரள அரசின் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் பின்னர் பள்ளிகளை குனு/லினக்ஸுக்குக் கொண்டுபோனது. அதன் வாரிசான 'கைட்', 2019-ல் உபுண்டு 18.04 அடிப்படையில் 2 லட்சத்துக்கும் அதிகமான பள்ளிக் கணினிகளுக்குத் தனிப்பதிப்பு கொண்டுவந்தது. முதலில் லினக்ஸ் தொட்ட பிள்ளைக்கு விண்டோஸ்தான் விநோதம்.

லினக்ஸிலும் தலைவலி இல்லாமல் இல்லை. 2010 ஏப்ரலில் உபுண்டு, ஜன்னலை மூடும் பொத்தானை இடது பக்கம் மாற்றியது. மறு வருடம் 'யூனிட்டி' என்று முகத்தையே மாற்றியது. அதே 2011-ல் குனோமும் தலைகீழானது. ஆனால் பிடிக்காதவர்கள் பழைய குனோம் 2-ன் நிரலை எடுத்து 'மாட்டே' என்ற பெயரில் தொடர்ந்தார்கள். மாற மாட்டேன் என்று சொல்வது மாதிரியே இல்லை? :-)

வணிகவியல் படித்தவன் புத்தி, எல்லாவற்றுக்கும் பற்று வரவு பார்க்கும். கை பழகுவது பல வருட முதலீடு. ஆனால் எந்த ஐந்தொகையிலும் அது சொத்தாக ஏறுவதில்லை. புதுமுகத்தின் லாபம் நிறுவனத்தின் கணக்கில். பொத்தானைத் தேடும் நேரமோ கவுண்டர் ஊழியர் கணக்கிலும், அவர் முன்னே பாஸ்புக்கோடு வரிசையில் நிற்கும் பெரியவர் கணக்கிலும். மாற்றம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்போது மாறுவது என்று முடிவு செய்யும் உரிமை விலை கொடுப்பவருக்கும் இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.