உங்க சைஸை யார் முடிவு பண்ணினாங்க?

போன மாசம் ஓபிக்கு ஒரு கல்லூரி மாணவி வந்தாங்க. தலைசுற்றல். பிரஷர், சுகர் எல்லாம் நார்மல். பேசப் பேசத்தான் விஷயம் வெளியே வந்தது. மூணு வாரமா ராத்திரி சாப்பிடறதே இல்லையாம்.

ஏன்மான்னு கேட்டேன். ஒரு கடையில் 'மீடியம்' சைஸ் குர்தி கச்சிதமா இருந்திருக்கு. அதே வாரம் இன்னொரு கடையில் எக்ஸ்எல் கூட தோளைத் தாண்டி இறங்கலை. ட்ரயல் ரூமிலேயே அழுதிருக்காங்க. "ஒரே வாரத்துல இவ்ளோ குண்டாயிட்டேனா டாக்டர்?"

எடை பார்த்தோம். பழைய சீட்டில் இருந்ததைவிட ஒரு கிலோ குறைவு! மாறினது அவங்க உடம்பு இல்லை, கடைதான்.

சரி, இந்த நம்பர் எங்கேயிருந்துதான் வந்தது? கொஞ்சம் வரலாறு பார்ப்போம். அமெரிக்காவுக்குப் போகணும், வாங்க.

ரெடிமேட் துணி பெருசா வளர்ந்தது முதல்ல ஆண்களுக்குத்தான். 1861-65 உள்நாட்டுப் போரில் வடக்கு ராணுவத்துக்கு லட்சக்கணக்கில் சீருடை தேவைப்பட்டது. ஒவ்வொருத்தருக்கும் டெய்லர் வைக்க முடியுமா? சில அளவுகளை நிர்ணயிச்சு மொத்தமா தைத்தார்கள். போர் முடிஞ்சதும் அந்த அனுபவம் கடைத்துணிக்கு வந்தது. ஆண்கள் கோட்டில் 40 என்றால் மார்பளவு 40 இன்ச். டேப் வைத்து யாரும் சரிபார்க்கலாம்.

பெண்களுக்கு அப்படி இல்லை. சிறுமிகளின் உடைக்கு வயசுதான் சைஸ். 14 வயசுன்னா நம்பர் 14. பெரியவங்களுக்கு மார்பளவை மட்டும் எடுத்துக்கிட்டு, இடுப்பு, தோள், கை எல்லாம் உத்தேசக் கணக்கு. கேட்டலாக் பார்த்து தபாலில் துணி வாங்கும் பழக்கம் பரவினப்போ பிரச்சினை பெருசாச்சு. பொருந்தாத துணிகள் வந்த வேகத்தில் திரும்பிப் போச்சு. கம்பெனிகளுக்கு நஷ்டம்.

அதனால 1939-40ல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் மனையியல் பிரிவு ஒரு பெரிய வேலையில் இறங்கியது. ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் என்ற இருவர் தலைமையில் சுமார் 15,000 பெண்களை அளந்தாங்க. ஒவ்வொருத்தருக்கும் 59 அளவுகள். 1941ல் அறிக்கை வந்தது.

அதில் ஒரு பெரிய ஓட்டை. வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஒரு நாட்டுப் பெண்களின் சராசரின்னு சொல்லிட்டு, அதில் ஒரு பகுதியினரை வாசலிலேயே நிறுத்திட்டாங்க.

இங்கதான் நம்ம ஆள் ஒருத்தர் உள்ளே வர்றார். ராபர்ட் டிக்கின்சன். மகப்பேறு, மகளிர் நல மருத்துவர். இந்த அளவுகளின் சராசரியை வைத்து, ஆப்ரம் பெல்ஸ்கி என்ற சிற்பியோடு சேர்ந்து ஒரு பெண் சிலை செய்தார். பேரு 'நார்மா'. 'நார்மல்' பெண்ணாம்!

1945 செப்டம்பரில் கிளீவ்லாந்து நகரப் பத்திரிகை ஒன்று போட்டி அறிவிச்சது. நார்மாவின் அளவுகளோடு அச்சு அசலாப் பொருந்தும் பெண் யார்? 3,864 பெண்கள் தங்கள் அளவுகளை அனுப்பினாங்க. 15,000 பேரின் சராசரியாச்சே, நூத்துக்கணக்கானவங்க பொருந்துவாங்கன்னுதானே நினைப்போம்?

ஒன்பது அளவுகளிலும் பொருந்தியவர் ஒருத்தர் கூட இல்லை. ஐந்து அளவுகளில் மட்டும் பார்த்தாலும் 40 பேர் தேறலை. கடைசியில் ஓரளவு கிட்ட வந்தவருக்குப் பரிசு கொடுத்து முடிச்சாங்க.

இதில் அதிசயம் எதுவும் இல்லை. தோள் அகலமா இருக்கிறவங்களுக்கு இடுப்பும் அகலமா இருக்கணும்னு கட்டாயம் இல்லை. எலும்பு, கொழுப்பு, தசை ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கணக்கில் வளரும். எல்லா அளவிலும் 'நடுவில்' இருக்கும் பெண் என்பவள் காகிதத்தில் மட்டும்தான் இருந்தாள். ஆனா பாருங்க, இவ்வளவு ஆன பிறகும் தப்பு அளவுகோலில் இருக்குன்னு அன்னைக்குப் பல டாக்டர்களுக்குத் தோணலை. பெண்கள் உடம்பைச் சரியா வெச்சுக்கலைன்னுதான் சொன்னாங்க. ஒரு மருத்துவரா இதைப் படிக்கும்போது எனக்குக் கூச்சமா இருந்தது.

1958ல் அரசு ஒரு சைஸ் தரத்தை வெளியிட்டது. 8ல் தொடங்கி 38 வரை நம்பர்கள். அதில் சைஸ் 8 என்றால் மார்பு 31 இன்ச், இடுப்பு 23.5 இன்ச். 8 என்ற எண்ணுக்கும் இந்த அளவுகளுக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணும் இல்லை. அது வெறும் அடையாள எண்.

1970 வாக்கில் அந்தத் தரத்தைத் திருத்தி, விரும்பினால் பின்பற்றலாம்னு ஆக்கினாங்க. 1983ல் அதையும் வாபஸ் வாங்கிட்டாங்க. அப்புறம் கம்பெனிகளுக்குக் கேட்கவா வேணும்? சின்ன நம்பர் ஒட்டினால் வாங்குறவங்க மனசு குளிருதுன்னு கண்டுபிடிச்சாங்க. துணி பெருசாச்சு, நம்பர் அப்படியே நின்னுது. இன்னைக்கு அங்கே சைஸ் 8ன்னு விற்கும் உடை, 1958 கணக்கில் கிட்டத்தட்ட சைஸ் 16! இதுக்கு 'வேனிட்டி சைஸிங்'னு பேர்.

நம்ம ஊருக்கு வருவோம். நம்ம அம்மாக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. டெய்லர்கிட்ட அளவு ஜாக்கெட் கொடுப்பாங்க, வேலை முடிஞ்சுது. ஜாக்கெட் டைட்டா இருந்தா திட்டு டெய்லருக்கு. ரெடிமேட் வந்தபோது ஆளாளுக்கு ஒரு அளவு அட்டையும் கூடவே வந்தது. இப்போ துணி பொருந்தலைன்னா திட்டு நம்ம உடம்புக்கு. இந்திய உடல்களுக்கென தனி அளவு வேண்டும்னு நிஃப்ட் நிறுவனம் 25,000 பேரை ஸ்கேனரில் அளக்கும் திட்டத்தைக் கையில் எடுத்ததே சமீப வருடங்களில்தான்.

ஒரு டாக்டரா நான் சொல்ல வர்றது இதுதான். லேபிள் ரெண்டு பக்கமும் பொய் சொல்லும். ஒல்லியா இருக்கிற பொண்ணைப் பட்டினி போட வைக்கும். இன்னொரு பக்கம், "பத்து வருஷமா மீடியம்தான் போடறேன்"னு நிம்மதியா இருக்கிறவங்களுக்கு வயிறு நாலு இன்ச் கூடினதை மறைச்சிடும்.

நம்ப வேண்டியது இன்ச் டேப்பை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பா வெளியே விட்டு அளங்க. இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90க்குள் இருப்பது நல்லது. தாண்டினா பயப்பட வேண்டாம், சுகர், பிரஷர், கொழுப்பு ஒருமுறை பரிசோதிச்சுக்கோங்க. கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அந்த மாணவிக்கும் அன்னைக்கு டேப் வைத்து அளந்தோம். 71 சென்டிமீட்டர். நார்மா கதையைச் சொன்னேன். சிரிச்சாங்க. மருந்துச் சீட்டில் ஒரே வரிதான் எழுதினேன்: "இரவு உணவு, தினமும்."

உங்க வீட்டிலும் ட்ரயல் ரூமிலிருந்து முகம் வாடி வெளியே வர்ற பொண்ணு இருந்தா, இந்தக் கதையைச் சொல்லுங்க.