மூலக்கோப்பும் மூல ஏடும்

சுவாமிமலையில் படிமம் வார்க்கும் முறைக்குள்ளேயே ஓர் இழப்பு இருக்கிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து ஸ்தபதி பல நாள் உழைத்துச் சமைத்த உரு, மேலே காவிரி வண்டல் பூசிச் சூடேற்றியதும் உருகி ஓடிவிடும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில்தான் உலோகம் பாய்கிறது. பின்னர் மண் அச்சும் உடைபடும். மெழுகு உருவை மீண்டும் காண ஒளிப்படம் ஒன்றே வழி.

2006 இல் அப்படியொரு மெழுகு நடராசரைப் படமெடுத்தேன். தரம் குன்றலாகாது என்று நண்பர் சொன்னபடி 'ரா' வடிவத்தில் பதிந்தேன். அண்மையில் மாணவர்க்குக் காட்ட முயன்றபோது கோப்புகள் திறக்கவில்லை. கேமராவுடன் வந்த மென்பொருள் இன்றைய கணினியில் இயங்க மறுத்தது. படம் இருந்தும் இல்லாத நிலை.

'ரா' என்றால் பச்சையானது, பக்குவப்படாதது. அந்தக் கோப்பு இன்னும் படமாகவில்லை. ஒளியுணரி அளந்த எண்களின் வரிசை அது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976 இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு நிற வடிகட்டி மட்டுமே இருக்கும்: பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். விடுபட்ட இரு நிறங்களை அண்டைப் புள்ளிகளைக் கொண்டு மென்பொருள் உய்த்துணர்கிறது. ஜேபெக் படத்தில் இவ்வேலையைக் கேமராவே முடித்து, புள்ளியில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியதை எறிந்துவிடும். 12 பிட் மூலக்கோப்பிலோ 4096 படிகள் உண்டு.

தமிழ் படித்தவர்க்கு இது புதிதன்று. ஓலைச்சுவடியில் புள்ளியிடும் வழக்கமில்லை. எகர ஏகார வேறுபாடும் இல்லை. 'எரி' என்பதும் 'ஏரி' என்பதும் ஒரே வடிவம். நெருப்பா நீர்நிலையா என்பதை அண்டைச் சொற்களே சொல்ல வேண்டும். சுவாமிமலைக்கு அருகே கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் பணியாற்றிய உ.வே.சாமிநாதையர் இப்படித்தான் ஏடுகளை ஒப்புநோக்கி 1887 இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். அச்சானதும் ஏடுகளை அவர் கழித்துவிடவில்லை. பதிப்பு என்பது ஒரு வாசிப்பு. அடுத்த வாசிப்புக்கு மூலம் வேண்டும். அவர் திரட்டிய சுவடிகளை 1943 இல் சென்னையில் நிறுவப்பட்ட அவர் பெயரிலான நூலகம் இன்றும் காக்கிறது.

ஏட்டுக்கும் கோப்புக்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஏட்டின் எழுத்து பொதுச் சொத்து. மூலக்கோப்பின் இலக்கணத்தையோ நிறுவனங்கள் தத்தம் கைக்குள் வைத்துக்கொண்டன. 2005 இல் நிக்கான் தன் கேமரா ஒன்றில் வெண்சமநிலைக் குறிப்பையே மறையீடு செய்தது. டேவ் காஃபின் என்ற நிரலர் 1997 முதல் தனியொருவராக இவ்வடிவங்களை அவிழ்த்து, 'டிசிரா' என்னும் நிரலை எவரும் எடுத்தாளும்படி வெளியிட்டார். அடோபி 2004 இல் டிஎன்ஜி என்ற பொது வடிவத்தை முன்வைத்தது. காஃபினின் நிரல் 2018 உடன் நின்றுவிட்டாலும், அதன் வழிவந்த 'லிப்ரா' தொடர்கிறது.

என் கோப்புகளும் அந்த மரபால்தான் திறந்தன. 'டார்க்டேபிள்' என்ற இலவச மென்பொருளில் இட்டதும் நடராசர் தோன்றினார். அது மூலத்தைத் தொடுவதில்லை. நம் திருத்தங்களைத் தனிக் கோப்பில் எழுதிவைக்கிறது, சுவடியின் மேல் கிறுக்காமல் தனித்தாளில் பாடபேதம் குறிப்பதைப் போல. டிஃப் வடிவில் ஒரு படி எடுத்துக்கொண்டேன். மூலத்தையும் டிஎன்ஜி படியையும் இரு வட்டுகளில் வைத்திருக்கிறேன்.

தூக்கிய திருவடியின் கீழ் இருண்டிருந்த பகுதியைச் சற்று வெளிச்சமாக்கிப் பார்த்தேன். மெழுகின் மேல் ஸ்தபதியின் விரல்ரேகை பதிந்திருந்தது. உலோகத்தில் அரமும் உளியும் அதை விட்டுவைத்திருக்க மாட்டா.