அழிந்த பார்ட்டிஷனும் அழியாத தகவலும்

ஆரோவில்லை ஒட்டிய குயிலாப்பாளையம் போன்ற விழுப்புரம் மாவட்டத்து ஊர்களில் பாகப்பிரிவினை என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்பாவின் முந்திரித் தோப்பை அண்ணன் தம்பிகள் பிரித்துக் கொள்வார்கள். எது யாருக்கு என்று பத்திரம் எழுதப்படும், எல்லையில் கல் நடப்படும். அந்தப் பத்திரத்தைக் கரையான் அரித்துவிட்டால் தோப்பு காணாமல் போய்விடுமா? போகாது. மண்ணும் மரமும் அங்கேயேதான் இருக்கும். எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற எழுத்து மட்டும்தான் போயிருக்கும்.

ஹார்ட் டிஸ்க்கின் பார்ட்டிஷனும் இப்படி ஒரு பாகப்பிரிவினைதான். லினக்ஸ் நிறுவப்போய், கை தவறி ஒரு டிரைவையே அழித்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்கள் ஏராளம். கல்யாணப் படங்கள், புராஜெக்ட் அறிக்கை எல்லாம் போச்சு என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்த நிமிடத்தில் உண்மையில் போனது ஒரு சின்னக் குறிப்பு மட்டுமே.

64 பைட் பத்திரம்

1983 மார்ச்சில் ஐ.பி.எம். நிறுவனம் பி.சி. எக்ஸ்.டி. என்ற கணினியை வெளியிட்டது. அதில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தது. ஒரே டிஸ்க்கில் டாஸ் மட்டுமல்லாமல் வேறு இயங்குதளங்களும் குடியிருக்க வழி வேண்டும் என்பதற்காக, உடன் வந்த டாஸ் 2.0ல் டிஸ்க்கைப் பிரிக்கும் முறை சேர்க்கப்பட்டது. எஃப்டிஸ்க் என்ற கட்டளை அப்போது வந்ததுதான்.

டிஸ்க்கின் முதல் செக்டர் 512 பைட் கொண்டது. அதில் பிரிவினைப் பட்டியலுக்கு ஒதுக்கிய இடம் வெறும் 64 பைட். ஒரு பங்குக்கு 16 பைட் வீதம் நான்கு பங்குகள். பங்கு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த வகை என்பதே அதில் உள்ள செய்தி. இந்தப் பட்டியலுக்கு டிஸ்க்கில் வேறெங்கும் நகல் கிடையாது. வரலாற்றில் பின்னால் வந்த வேதனைகளுக்கெல்லாம் மூலகாரணம் இதுதான்.

முதல் மீட்புகள்

அழிப்பது வேறு, துடைப்பது வேறு என்பதைப் பலருக்கும் புரிய வைத்தவர் அமெரிக்கரான பீட்டர் நார்ட்டன். டாஸில் ஒரு கோப்பை அழித்தால் அதன் பெயரின் முதல் எழுத்து மாற்றப்படும், அதன் இடம் காலி என்று குறிக்கப்படும். உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். 1982ல் வந்த நார்ட்டன் யுட்டிலிட்டீஸ் தொகுப்பின் அன்இரேஸ் நிரல் இந்த உண்மையைப் பயன்படுத்தியே கோப்புகளை மீட்டது.

1991ல் வந்த எம்.எஸ். டாஸ் 5.0 ஒரு படி மேலே போனது. அதிலிருந்த மிரர் என்ற கட்டளை பார்ட்டிஷன் பட்டியலை ஒரு ஃப்ளாப்பியில் நகலெடுத்து வைக்கும். பட்டியல் கெட்டுப்போனால் அன்ஃபார்மேட் கட்டளை அதைத் திரும்ப எழுதிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஃப்ளாப்பியை முன்கூட்டியே தயார் செய்து வைப்பவர்கள் எத்தனை பேர்?

1999 ஏப்ரல் 26

அந்த அலட்சியத்தின் விலை ஒரே நாளில் தெரிந்தது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதி 1998ல் பரவிய சி.ஐ.எச். வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று விழித்துக் கொண்டது. செர்னோபில் அணு உலை விபத்து நடந்த தேதியும் அதுவே என்பதால் செர்னோபில் வைரஸ் என்றும் பெயர் பெற்றது. ஆசியாவில் கடும் சேதம் ஏற்பட்டது, இந்தியாவும் தப்பவில்லை.

சில கணினிகளில் பயாஸையே அழித்த அந்த வைரஸ், டிஸ்க்கின் முதல் ஒரு மெகாபைட்டையும் வெற்று எழுத்துகளால் நிரப்பியது. பார்ட்டிஷன் பட்டியல் போனது, கோப்புகள் இருக்குமிடத்தைச் சொல்லும் ஃபேட் அட்டவணையும் அடிபட்டது. ஆனால் ஃபேட் அட்டவணைக்கு இரண்டு பிரதிகள் உண்டு. பெரிய ஃபேட்32 டிரைவுகளில் முதல் பிரதியே ஒரு மெகாபைட்டைத் தாண்டி நீளும். ஆகவே இரண்டாவது பிரதி வைரஸின் கைக்கு எட்டவில்லை. இதைக் கண்டுகொண்ட ஸ்டீவ் கிப்சன், ஃபிக்ஸ் சி.ஐ.எச். என்ற இலவச நிரலை எழுதினார். பழைய ஃபேட்16 டிரைவுகளில் அட்டவணை சிறியது, இரு பிரதிகளும் அருகருகே இருந்தன. இரண்டும் சேர்ந்தே போயின. நகல் இருந்தால் மட்டும் போதாது, தள்ளியும் இருக்க வேண்டும்!

எல்லைக்கல்லைத் தேடும் நிரல்

பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே 1998 முதல் உருவாக்கி வரும் டெஸ்ட்டிஸ்க், ஊர்ப் பெரியவரைப் போல வேலை செய்கிறது. பத்திரம் இல்லாவிட்டாலும் பனைமரத்தையும் வரப்பையும் பார்த்து அவர் எல்லை சொல்வார் அல்லவா? டெஸ்ட்டிஸ்க்கும் டிஸ்க் முழுவதும் நடந்து அடையாளங்களைத் தேடும். என்.டி.எஃப்.எஸ். தன் பூட் செக்டரின் நகலைப் பங்கின் கடைசியில் வைத்திருக்கும். லினக்ஸின் எக்ஸ்ட் வகைகள் சூப்பர்பிளாக் நகல்களைப் பல இடங்களில் வைத்திருக்கும். இவற்றைக் கொண்டு பழைய எல்லையைக் கணக்கிட்டு, அந்த 16 பைட்டைத் திரும்ப எழுதும். பல ஜி.பி. தகவல் மீண்டும் கண்ணுக்குத் தெரியும். இது கட்டற்ற மென்பொருள் என்பதால் காசு செலவில்லை.

நிபந்தனை ஒன்றுதான். காலியாகத் தெரியும் நிலத்தில் யாரும் வீடு கட்டியிருக்கக் கூடாது. அதாவது அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதக் கூடாது. "ஃபார்மேட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் சம்மதிக்கக் கூடாது. மீட்பு நிரலை வேறு டிஸ்க்கிலிருந்து இயக்கி, மீட்ட கோப்புகளையும் வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். முடிந்தால் முதலில் டிஸ்க் முழுவதையும் நகலெடுத்துக் கொள்வது நல்லது. பலருடைய கோப்புகள் நிரந்தரமாகப் போனது அழித்ததால் அல்ல, அதற்குப் பின் பதற்றத்தில் செய்த காரியங்களால்தான்.

இன்றைய நிலை

சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தின் நகல் இருப்பதுபோல, 1990களின் இறுதியில் இன்டெல் உருவாக்கிய ஜி.பி.டி. முறை பட்டியலை டிஸ்க்கின் தொடக்கத்திலும் கடைசியிலும் வைக்கிறது. பட்டியல் சிதைந்திருக்கிறதா என்று சோதிக்கும் எண்ணும் உண்டு. 1983ல் விட்ட குறை இப்படித் தீர்ந்தது. ஆனால் நாமே ஒரு பார்ட்டிஷனை அழித்தால் இரு பட்டியல்களும் சேர்ந்தே மாறும் என்பதை மறந்துவிடக் கூடாது.

எஸ்.எஸ்.டி. வந்த பிறகு இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. அழித்த இடத்தை டிஸ்க்குக்கு அறிவிக்கும் டிரிம் வசதி விண்டோஸ் 7ல், 2009ல், சேர்க்கப்பட்டது. டிரிம் ஓடிவிட்டால் டிஸ்க் தானே அந்த இடத்தைச் சுத்தம் செய்துவிடும், பிறகு எந்த நிரலாலும் மீட்பது கடினம். பழைய ஹார்ட் டிஸ்க் மன்னித்த தவற்றை எஸ்.எஸ்.டி. மன்னிப்பதில்லை.

ஆகவே நாற்பது ஆண்டுக் கதை கடைசியில் கிராமத்துப் பாடத்துக்கே வந்து நிற்கிறது. பத்திரத்துக்கு ஒரு நகல் எடுத்து, வேறொரு வீட்டில் வைத்திருப்பவருக்குக் கரையானைப் பற்றிப் பயமில்லை.