வைஃபை ஏன் ஓ.டி.பி. கேட்கிறது?

தி.நகரிலோ அடையாறிலோ ஒரு காபி கடையில் வைஃபையைத் திறந்தால் முதலில் மொபைல் எண் கேட்கும், பிறகு ஓ.டி.பி. வரும். இது நம் பாதுகாப்புக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அது வந்த கதையே வேறு.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்தன. 50 பேருக்கு மேல் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. அதைத் தேடிய போலீஸ், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பூட்டாமல் விட்டிருந்த அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, பொது வைஃபையில் நுழைபவர் யார் என்று பதிவு செய்ய உத்தரவிட்டது.

ஆக, ஓ.டி.பி. ஆளை அடையாளம் காட்டத்தான். பக்கத்து மேசைத் திருடனை அது தடுக்காது. 2010 அக்டோபரில் வந்த ஃபயர்ஷீப் என்ற பிரவுசர் நிரல், திறந்த வைஃபையில் அடுத்தவரின் ஃபேஸ்புக்குள் ஒரே கிளிக்கில் நுழைய விட்டது. அதன் பிறகு பல பெரிய தளங்கள், தகவலைப் பூட்டி அனுப்பும் எச்.டி.டி.பி.எஸ். முறைக்கு முழுதாக மாறின.

இன்றும் நிஜமான காவல் அந்தப் பூட்டுதான். 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் எச்சரித்தால் அதைத் தாண்டிப் போகக் கூடாது. பேங்க் வேலைக்கு எப்போதும் சொந்த மொபைல் டேட்டாவே நல்லது.