கிலோ 3 ரூபாய்த் தூளும் அம்மாக்களின் கையும்

விரல் இடுக்குல வெடிப்பு, எரிச்சல்னு வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்கறது, "துணிக்கு என்ன தூள் போடறீங்க?"

அந்தத் தூளுக்கு ஒரு கதை இருக்கு.

1959ல சர்ஃப் வந்தப்போ நம்ம வீடுகள்ல பெரும்பாலும் பார் சோப்புதான். தூளோட விலை பலருக்கு எட்டல.

1969. குஜராத் அரசுத் துறையில வேதியியலாளரா இருந்த கர்சன்பாய் படேல், அகமதாபாத்ல வீட்லயே தூள் கலந்து சைக்கிள்ல வித்தார். சர்ஃப் கிலோ 13 ரூபாய், இவர் தூள் 3 ரூபாய்! மகள் நிருபமா பேர்ல இருந்து வந்ததுதான் 'நிர்மா'. 1980கள்ல சர்ஃபையே விற்பனையில முந்திருச்சு. அப்புறம்தான் லீவர் கம்பெனி மலிவான வீல் தூளோட மளிகைக் கடைக்கு இறங்கி வந்தது. போட்டியில லாபம் நமக்குத்தான்.

ஆனா கை?

மலிவுத் தூள்கள்ல பொதுவா சலவை சோடா அதிகம். தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, சோடாவோ காரம். தினமும் ஊறினா தோலோட எண்ணெய்ப் பசை போய் வெடிக்கும். விலை கூடின தூளும் பாலில்லை. அதே 1969ல, என்சைம் தூள் தயாரிச்ச பிரிட்டன் தொழிலாளர்களுக்கு மூச்சிரைப்பு வந்ததை லான்செட் இதழ் வெளியிட்டுச்சு. அதுக்கப்புறம்தான் என்சைமைத் தூசி பறக்காத குருணையாக்கினாங்க.

பிராண்டை மாத்தறதுக்கு முன்னாடி, தூளை நல்லா கரைச்சுட்டுத் துணியைப் போடுங்க. அலசினதும் கையில தேங்காய் எண்ணெய். ரெண்டு வாரத்துல ஆறலைன்னா தோல் டாக்டரைப் பாருங்க.